திங்கட்கிழமை மாலை 5 மணி: கிழக்கு ஜெர்மனி சர்ச்சுகள் போரை எதிர்த்தது எப்படி?

உலகத்தில் எங்கே போர் வெடித்தாலும் ஓரிரு நாளில் ஓர் அறிக்கை வந்துவிடும். 'இரு தரப்பும் அமைதி காக்க வேண்டும், பிரார்த்திக்கிறோம்' என்று நாலு வரி. கீழே ஒரு பெரிய மதத் தலைவரின் கையெழுத்து. அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு நாள் ஓடும். மறுநாள் ஸ்டேட்டஸ் மாறிவிடும், போர் மட்டும் அப்படியே தொடரும்.

அதனால்தான் 'போரைத் தடுக்க மத அமைப்புகளால் எதுவும் ஆகுமா?' என்று கேட்டால் பல இளைஞர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால், 'ஆகும். அதற்கு இவ்வளவு செலவாகும்' என்று கணக்குக் காட்டுகிற ஒரு கதை இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் சர்ச்சுகள் கால் நூற்றாண்டுக்கும் மேல், தங்கள் சொந்த அரசின் ராணுவ மோகத்தோடு மல்லுக்கட்டிய கதை.

அந்தச் சர்ச்சுகள் கொடுத்ததில் பெரியது எது என்று பார்த்தால், பிரசங்கமோ அறிக்கையோ கண்ணில் படாது. பயப்படாமல் பத்துப் பேர் கூடிப் பேச ஓர் இடம், அதற்கு மேலே ஒரு கூரை. அவ்வளவுதான். அந்தக் கூரைக்கு அவர்கள் கொடுத்த வாடகையும் லேசானது இல்லை.

முதலில் கொஞ்சம் பின்னணி

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி இரண்டாகப் பிரிந்தது. சோவியத் படைகள் இருந்த கிழக்குப் பகுதி 1949-ல் 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு' என்ற தனி நாடானது. பெயரில் மட்டும்தான் ஜனநாயகம். எஸ்.இ.டி. என்கிற கம்யூனிஸ்ட் கட்சி வைத்ததுதான் சட்டம். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கவனிக்க ஸ்டாசி என்ற உளவுத்துறை.

மார்ட்டின் லூதர் வாழ்ந்த விட்டன்பெர்க் இருப்பது இந்தப் பகுதியில்தான். 1950 வாக்கில் அங்கே பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேர் புராட்டஸ்டன்ட்கள். 1989-ல் அது சுமார் நான்கில் ஒருவராகக் குறைந்துவிட்டது. சர்ச்சுக்குப் போகிற பிள்ளைக்குக் கல்லூரி சீட் கிடைப்பது கஷ்டம், அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைப்பது அதைவிடக் கஷ்டம் என்றால் குறையாமல் என்ன செய்யும்?

இந்தச் சபைகளுக்குப் பழைய பாவக் கணக்கு ஒன்றும் இருந்தது. 1914-ல் முதல் உலகப் போர் தொடங்கியபோது ஜெர்மன் போதகர்கள் பெரும்பாலும் பிரசங்க மேடையில் நின்று போரை ஆசீர்வதித்தவர்கள். ஹிட்லர் காலத்தில் டீட்ரிஷ் போன்ஹோஃபர் போன்ற சிலர் எதிர்த்து உயிரை விட்டார்கள். மற்ற பலர் ஒத்துப்போனார்கள், அல்லது வாயை மூடிக்கொண்டார்கள். 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில் கூடிய சபைத் தலைவர்கள், தாங்கள் இன்னும் துணிச்சலாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு பிரகடனத்தில் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த முறை ஓர் அரசு கையில் துப்பாக்கியைத் திணிக்கும்போது என்ன செய்வது? ஸ்டுட்கார்ட் பிரகடனம் விட்டுச்சென்ற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் 17 வருஷத்தில் வந்தது.

தோளில் மண்வெட்டி

1962 ஜனவரியில் கிழக்கு ஜெர்மனி கட்டாய ராணுவ சேவையைக் கொண்டுவந்தது. இளைஞர்கள் 18 மாதம் சீருடை போட வேண்டும். மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொல்ல சட்டத்தில் வழியே இல்லை. மறுத்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். முழுமையாக மறுத்து ஜெயிலுக்குப் போனவர்களில் பெரும்பான்மை யெகோவாவின் சாட்சிகள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சபைகள் அரசிடம் பேசின, விடாமல் பேசின. 1964 செப்டம்பரில் அரசு கொஞ்சம் இறங்கிவந்தது. ஆயுதம் தொட மாட்டேன் என்பவர்களுக்கு ராணுவத்துக்குள்ளேயே 'கட்டுமானப் படைவீரர்' என்ற ஒரு பிரிவு. சீருடை உண்டு, துப்பாக்கி கிடையாது. தோள்பட்டையில் சின்னமாக ஒரு மண்வெட்டி. சோவியத் அணியில் இருந்த நாடுகளில் வேறெங்கும் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை.

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறை அப்படி இல்லை. துப்பாக்கி தூக்க மாட்டேன் என்றவர்களையே ராணுவத் தளங்கள் கட்ட அனுப்பினார்கள். சேவை முடித்து வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவுகள் சாத்தப்பட்டன. ரெய்னர் எப்பல்மன் என்ற இளைஞர் மண்வெட்டிப் படையில் சேர்ந்தும், அங்கே எடுக்க வேண்டிய உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் 8 மாதம் சிறையில் இருந்தார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

1965-ல் சபைகள் ஒரு படி மேலே போய், எழுத்திலேயே ஒரு நிலைப்பாடு எடுத்தன. ராணுவத்தில் சேருகிறவரையும் சபை கைவிடாது. ஆனால், ஆயுதம் ஏந்த மறுப்பவர்தான் சமாதானத்துக்குத் தெளிவான சாட்சி என்றன. அரசுக்கு இது எரிச்சல். ஏனென்றால் அரசின் கண்ணில் தன் ராணுவமே சமாதானப் படை. மேற்கத்திய ஏவுகணை என்றால் போர் வெறி, சோவியத் ஏவுகணை என்றால் அமைதிக் காவல். தினசரி பேப்பரில், பள்ளிப் பாடத்தில், ஊர்வலப் பதாகையில் எல்லாம் 'சமாதானம்'தான். ஆக, அந்த நாட்டில் அமைதிக்கு எதிராக யாருமே இல்லை! சண்டை முழுக்க அந்தச் சொல் யாருக்குச் சொந்தம் என்பதில்தான்.

9-ம் வகுப்பில் ராணுவப் பாடம்

1978 மார்ச் 6-ம் தேதி ஆட்சித் தலைவர் எரிக் ஹோனெக்கரும் பிஷப் ஆல்பிரெக்ட் ஷோன்ஹெரும் சந்தித்தார்கள். சர்ச்சுகளுக்கு டிவியில் நேரம், புதிய கட்டடங்களுக்கு அனுமதி, கைதிகளைச் சந்திக்க வாய்ப்பு என்று சில சலுகைகள் கிடைத்தன. உறவு சுமுகமாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆறே மாதம். அதே வருஷம் செப்டம்பரில் 9, 10-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ராணுவப் பாடம் கட்டாயமானது. சபைகள் எதிர்ப்பைப் பதிவு செய்தன. அரசு காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இங்கே ஒரு வழக்கமான அமைப்பு என்ன செய்யும்? கண்டன அறிக்கை கொடுத்தாச்சு, கடமை முடிஞ்சது என்று போய்விடும். இவர்கள் 'சமாதானக் கல்வி' என்று தங்களுடைய பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். வாலிபர் கூட்டங்களில், கிராமத்துச் சபைகளில், வார இறுதிக் கருத்தரங்குகளில் பகைமை எப்படி உருவாகிறது, சண்டையை அடிதடி இல்லாமல் எப்படித் தீர்ப்பது என்று பேசினார்கள். சாக்சனியில் கோனிக்ஸ்வால்டே என்ற சின்ன ஊரில் முன்னாள் மண்வெட்டி வீரர் ஒருவர் 1973-லேயே தொடங்கிய சமாதானக் கருத்தரங்கு போன்றவை இதற்கு முன்னோடி.

துணியில் அச்சடித்த புத்திசாலித்தனம்

1980 நவம்பரில் சபைகள் பத்து நாள் சமாதான நிகழ்ச்சி நடத்தின. அதற்கு ஒரு சின்னம் வேண்டும். சாக்சனியின் வாலிபர் ஊழியப் போதகர் ஹரால்ட் பிரெட்ஷ்னைடர் தேர்ந்தெடுத்தது, ஒரு மனிதன் வாளை அடித்துக் கலப்பையாக்கும் படம். பைபிளில் மீகா தீர்க்கதரிசி சொன்ன காட்சி அது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் கலப்பை இல்லை, மண்வெட்டி! தோள்பட்டைச் சின்னத்தோடு தற்செயலாக ஒத்துப்போகிறது.

விஷயம் என்னவென்றால், அந்தப் படம் ஒரு சோவியத் சிலையின் படம். யெவ்கெனி வுச்செட்டிச் செய்த அந்தச் சிலையை 1959-ல் ஐ.நா. சபைக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததே சோவியத் யூனியன்தான். அதைத் தடை செய்தால் மாஸ்கோவின் பரிசையே தடை செய்த மாதிரி ஆகிவிடும்.

அடுத்த சிக்கல் அச்சு. காகிதத்தில் எதை அச்சடிக்கவும் அரசு அனுமதி வேண்டும். துணியில் அச்சடித்தால்? அது 'ஜவுளி மேற்பரப்பு வேலை' என்ற கணக்கில் வரும், அனுமதி தேவையில்லை. ஆகவே துணியில் அச்சானது. முதலில் புக்மார்க், மறுவருஷம் சட்டையில் தைக்கும் பேட்ஜ். பல்லாயிரக்கணக்கான இளைஞர்கள் ஜாக்கெட் கையில் தைத்துக்கொண்டார்கள்.

அரசு பொறுமையிழந்தது. பேட்ஜ் போட்ட மாணவர்கள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். தெருவில் போலீஸ் நிறுத்திக் கழற்றச் சொன்னது. சிலர் பேட்ஜைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டையோடு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். எல்லோருக்கும் புரிந்தது.

அதே காலத்தில் மேற்கு ஜெர்மனியிலும் புராட்டஸ்டன்ட் அமைப்புகள் களத்தில் இருந்தன. 1981 அக்டோபர் 10-ம் தேதி பான் நகரில் சுமார் 3 லட்சம் பேர் திரண்ட அணு ஏவுகணை எதிர்ப்புப் பேரணியை ஏற்பாடு செய்தவை சர்ச் சார்ந்த இரண்டு சமாதான அமைப்புகள். ஆனால் பான் பேரணிக்குப் போனவர் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். கிழக்கில் ஒரு துணித் துண்டுக்கே படிப்பு போனது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

'சர்ச் உபயோகத்துக்கு மட்டும்'

சரி, இவ்வளவு கெடுபிடி உள்ள நாட்டில் சர்ச்சுக்குள் மட்டும் எப்படி இது நடந்தது?

காரணம் சட்டத்தில் இருந்த ஓர் இடுக்கு. எந்தக் கூட்டம் போட்டாலும் முன்கூட்டியே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். ஆராதனைக்கு மட்டும் விலக்கு. அதனால் சுற்றுச்சூழல் பற்றிப் பேச வேண்டுமா, ராணுவத்தைப் பற்றிப் பேச வேண்டுமா, ராக் பாட்டுக் கச்சேரி வேண்டுமா, நடுவில் ஒரு ஜெபத்தை வைத்தால் அது ஆராதனை. சர்ச்சுகளிடம் நகலெடுக்கும் மெஷின்கள் இருந்தன. 'சர்ச் உள் உபயோகத்துக்கு மட்டும்' என்று மேலே ஒரு வரி போட்டு, அரசு தணிக்கை தொடாத பத்திரிகைகள் வெளியாகின.

இந்த வசதியைப் பயன்படுத்தியவர்களில் பலர் விசுவாசிகளே இல்லை. நீளமுடி இளைஞர்கள், பங்க் இசைக்காரர்கள், சூழலியலாளர்கள், கடவுள் நம்பிக்கை இல்லாத இடதுசாரிகள். கிழக்கு பெர்லினில் ஸயோன் தேவாலயத்தின் கட்டடத்தில் 'சூழல் நூலகம்' என்ற பெயரில் அவர்கள் ஓர் இடம் வைத்திருந்தார்கள். 1987 நவம்பரில் ஒரு நள்ளிரவில் ஸ்டாசி அதற்குள் புகுந்து அச்சு மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆட்களையும் பிடித்துப்போனது. மறுநாளே சர்ச்சில் மெழுகுவர்த்தியோடு கூட்டம் கூடியது. மேற்கத்திய டிவி கேமராக்கள் வந்தன. சில நாட்களில் பிடிபட்டவர்கள் வெளியே வந்தார்கள்.

கூரை என்று சொல்வது இதைத்தான். தன் கட்டடம், தன் மெஷின், தன் பெயர், வெளிநாட்டில் தனக்கிருந்த மரியாதை. இதையெல்லாம் தன் மதத்தைச் சேராதவர்களுக்காகவும் ஒரு சபை பணயம் வைத்தது.

லைப்சிக்: ஏழு வருஷத் திங்கள்

லைப்சிக் என்ற பெயர் தமிழ்நாட்டு லுத்தரன் குடும்பங்களுக்குப் புதிதல்ல. தரங்கம்பாடி லுத்தரன் சபைகளை 19-ம் நூற்றாண்டில் ஏற்று நடத்தியது லைப்சிக் மிஷன். இன்றைய தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த ஊரின் நடுவில் இருப்பது நிக்கோலாய் தேவாலயம். இசைமேதை பாக்கின் பெரிய படைப்புகளில் ஒன்று 1724-ல் முதன்முதலாகக் கேட்டது இங்கேதான். 1982 செப்டம்பரில் இங்கே வாலிபர்கள் சிலரின் முயற்சியில் ஒரு சமாதான ஜெபம் ஆரம்பமானது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாலை 5 மணிக்கு. போதகர் கிறிஸ்டியான் ஃபியூரர். ஆமாம், ஹிட்லரின் பட்டப்பெயராக இருந்த அதே சொல்தான். இவருக்கு அது வெறும் குடும்பப் பெயர்.

ஆரம்பத்தில் பெரிய கூட்டம் எல்லாம் இல்லை. சில வாரங்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்றைய பாஷையில் சொன்னால் 'ரீச்' சுத்தமாக இல்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. 'எல்லோருக்கும் திறந்திருக்கிறது' என்ற அறிவிப்பு வாசலில் இருந்தது. 1986-லிருந்து ஜெபங்களை ஒருங்கிணைத்தவர் இன்னொரு சபையின் போதகர் கிறிஸ்டோஃப் வொன்னெபெர்கர். ராணுவ சேவைக்குப் பதில் ஆஸ்பத்திரிகளிலும் இல்லங்களிலும் வேலை செய்ய இளைஞர்களை அனுமதிக்க வேண்டும் என்று 1981-லேயே திட்டம் போட்டுக் கொடுத்து, அரசிடம் 'முடியாது' என்ற பதில் வாங்கியவர் இவர்.

1988-ல் நாட்டை விட்டு வெளியேற விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்கள் இந்த ஜெபத்துக்கு வர ஆரம்பித்தார்கள். கூட்டம் நூற்றுக்கணக்கானது. 1989 செப்டம்பர் 4-ம் தேதி, வர்த்தகக் கண்காட்சிக்கு வந்திருந்த மேற்கத்திய கேமராக்களுக்கு முன்னால், சர்ச் வாசலில் இளைஞர்கள் விரித்த பேனரை ஸ்டாசி ஆட்கள் பிடுங்கினார்கள். செப்டம்பர் 25-ல் சில ஆயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். அக்டோபர் 2-ல் சுமார் 20,000.

அடுத்த திங்கள் அக்டோபர் 9. சீனாவின் தியானன்மென் சதுக்கத்தில் ரத்தம் ஓடி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. தேவைப்பட்டால் ஆயுதத்தோடு இறங்குவோம் என்று கட்சியின் தொழிலாளர் படைத் தளபதி ஒருவரின் பெயரில் உள்ளூர் பேப்பரில் கடிதமே வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் போலீஸும் படைகளும் நின்றன. நிக்கோலாய் தேவாலயத்தின் இருக்கைகளை நிரப்பக் கட்சி தன் ஆட்களை மத்தியானமே அனுப்பிவைத்தது. அவர்களும் உட்கார்ந்து முழு ஜெபத்தையும் கேட்டார்கள்! நகரின் வேறு மூன்று தேவாலயங்களும் அன்று கதவைத் திறந்தன. இசைக்குழு நடத்துநர் குர்ட் மசூர் உட்பட ஆறு பேர் விடுத்த அமைதிக் கோரிக்கை சர்ச்சுகளிலும் நகர ஒலிபெருக்கியிலும் வாசிக்கப்பட்டது.

சுமார் 70,000 பேர் வெளியே வந்து நகரின் வட்டச் சாலையில் நடந்தார்கள். கையில் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி அணையாமல் நடக்க இரண்டு கையும் வேண்டும், அப்புறம் கல்லெடுக்கக் கை ஏது என்பது ஃபியூரர் பிற்பாடு சொன்ன விளக்கம். 'வன்முறை வேண்டாம்' என்பதே கோஷம். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சீர்திருத்த சபையின் கோபுரத்திலிருந்து இரண்டு பேர் ரகசியமாக எடுத்த வீடியோ மேற்கு ஜெர்மன் டிவியில் ஓடியது. சரியாக ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9-ல் பெர்லின் சுவர் திறந்தது.

சர்ச்தான் சுவரை இடித்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோர்பச்சேவ் படை அனுப்பவில்லை, ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டது, நாட்டின் கஜானா காலி, மக்கள் சாரிசாரியாக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். இவை இல்லாமல் மெழுகுவர்த்தி மட்டும் எதையும் சாதித்திருக்காது. ஆனால் அன்று அந்த 70,000 பேரில் ஒரு கூட்டம் கல்லை எடுத்திருந்தால் சுடுவதற்குக் காரணம் கிடைத்திருக்கும். அப்படி நடக்காததற்கு ஏழு வருஷத் திங்கட்கிழமைப் பயிற்சிக்கு நிச்சயம் பங்கு உண்டு. அகிம்சை என்பது அன்று காலையில் டவுன்லோட் பண்ணிக்கொள்ளும் ஆப் இல்லையே.

கூரைக்கு என்ன வாடகை?

இத்தோடு கதையை முடித்தால் அது பாதிக் கதை. மீதிப் பாதி இனிப்பாக இருக்காது.

1982 செப்டம்பரில் ஹாலே நகரில் கூடிய சபைகளின் பேரவை, சமாதானத்தை முன்னிட்டு அந்தத் துணி பேட்ஜை இனித் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தது. படிப்பைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கு அந்த முடிவு எப்படி இருந்திருக்கும்? அதே வருஷம் பிப்ரவரி 13-ல், டிரெஸ்டன் குண்டுவீச்சின் நினைவு நாளில், ஃப்ராவன் தேவாலய இடிபாட்டில் கூடச் சொல்லி இளைஞர்கள் துண்டுப் பிரசுரம் விட்டார்கள். சபை அதை வேறொரு தேவாலயத்துக்குள் நடக்கும் கூட்டமாக மாற்றியது. சுமார் 5,000 பேர் வந்தார்கள். கைது தவிர்க்கப்பட்டது என்பது ஒரு பார்வை, தெருவில் வெடிக்க வேண்டிய கோபம் நாலு சுவருக்குள் அடைக்கப்பட்டது என்பது இன்னொரு பார்வை. இரண்டும் உண்மைதான்.

1988 ஆகஸ்ட் இறுதியில் லைப்சிக்கிலேயே அது நடந்தது. அரசின் நெருக்கடிக்கு நடுவே சபை மேலிடம் வொன்னெபெர்கரை ஒருங்கிணைப்பிலிருந்து விலக்கி, செயல்பாட்டாளர் குழுக்கள் ஜெபத்தை வடிவமைப்பதையும் நிறுத்தியது. அவர்கள் சர்ச்சுக்கு வெளியே முற்றத்தில் நின்று பேசினார்கள். பல மாதம் கழித்தே குழுக்களுக்கு மறுபடி இடம் கிடைத்தது.

ஸ்டாசி ஆவணங்கள் திறந்தபோது இன்னும் கசப்பு. சபை நிர்வாகிகளிலும் போதகர்களிலும் உளவு சொன்னவர்கள் இருந்தார்கள். மசூரோடு சேர்ந்து அமைதிக் கோரிக்கை விடுத்த ஆறு பேரில் ஒருவராக இருந்த இறையியலாளரும் ஸ்டாசியின் ஆள் என்று பின்னால் தெரியவந்தது.

அப்படியானால் அந்தச் சர்ச்சுகள் செய்தது சமரசமா, எதிர்ப்பா? இந்தக் கேள்வியே தப்பு. அரசோடு பேசிக்கொண்டே இருந்ததால்தான் கட்டடம் அவர்கள் கையில் நின்றது. கட்டடம் இருந்ததால்தான் மற்றவர்கள் உள்ளே வர முடிந்தது. ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றுவதே குறிக்கோளாகிற நொடியில், உள்ளே வந்தவர்களை வெளியே தள்ளவும் தோன்றும். 1988-ல் அதுதான் நடந்தது. தவறாமல் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளிருந்தே சண்டை போட்ட வொன்னெபெர்கர் போன்றவர்கள் இல்லையென்றால், அந்தக் கூரை ஒரு பழைய கட்டடத்தின் கூரையாகவே இருந்திருக்கும்.

அப்புறம் என்ன ஆச்சு?

எப்பல்மன் ஞாபகம் இருக்கிறதா? உறுதிமொழி எடுக்க மறுத்து 8 மாதம் உள்ளே இருந்தவர். பின்னர் போதகரான அவர், 1982-ல் ஆயுதக் குறைப்பு கேட்டு 'பெர்லின் வேண்டுகோள்' வெளியிட்டுக் கைதும் ஆனார். 1990 ஏப்ரலில், சுதந்திரத் தேர்தலுக்குப் பின் அமைந்த அரசில் அவர் அமைச்சர். துறையின் பெயர்: ஆயுதக் குறைப்பு மற்றும் பாதுகாப்பு! தன்னை ஜெயிலில் வைத்த ராணுவத்துக்கே அமைச்சர். அக்டோபரில் ஜெர்மனி இணைந்தபோது அந்த ராணுவமும் நாடும் ஒன்றாகக் கலைந்தன.

சர்ச்சுகளுக்கு அறுவடை ஏதாவது கிடைத்ததா? இல்லை. சுதந்திரம் வந்ததும் கூட்டம் கலைந்தது. இன்று ஐரோப்பாவிலேயே மத ஈடுபாடு மிகக் குறைந்த பகுதிகளில் ஒன்று முன்னாள் கிழக்கு ஜெர்மனி. ஆனாலும் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கள் மாலை 5 மணி ஜெபம் தொடர்ந்தது. 2003 இராக் போருக்கு எதிராகவும் ஃபியூரர் அங்கே குரல் கொடுத்தார். 2014-ல் அவர் இறந்தார்.

பழைய தோழர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவும் இல்லை. ரோஸ்டாக் நகரப் போதகராக இருந்து ஜெர்மனியின் ஜனாதிபதியான யோவாக்கிம் காவுக், 2014-ல் ஜெர்மனி உலக விவகாரங்களில் அதிகப் பொறுப்பேற்க வேண்டும், தேவைப்பட்டால் ராணுவத்தையும் ஒதுக்கிவைக்கக் கூடாது என்றார். 2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது பிளவு வெளிப்படையானது. உக்ரைனுக்கு ஆயுதம் கொடுப்பது சரியே என்றார் அப்போது ஜெர்மன் புராட்டஸ்டன்ட் சபைகளின் தலைவராக இருந்த அன்னெட்டே குர்ஷுஸ். அதே சபைகளின் சமாதானப் பொறுப்பாளரான பிஷப் ஃபிரீட்ரிஷ் கிராமர் கூடாது என்றார். கிராமரின் சபை இருப்பது கிழக்கில்.

இதைப் பார்த்து 'சர்ச்சுக்குள்ளேயே ஒத்துப்போகவில்லையே' என்று சிரிக்கலாம். ஆனால் படையெடுக்கப்பட்டவனிடம் 'ஆயுதத்தைக் கீழே போடு' என்று தூரத்திலிருந்து சொல்வதும், சொந்த அரசிடம் 'என் பிள்ளை கையில் துப்பாக்கி கொடுக்காதே' என்று எதிரே நின்று சொல்வதும் ஒன்றல்ல. கிழக்கு ஜெர்மனிச் சபைகள் செய்தது இரண்டாவது. அதற்கு விலை கொடுக்க வேண்டியவர்களும் அவர்களே. முதலாவதைச் சொல்பவருக்குச் செலவில்லை, கேட்பவருக்கு உயிர்ச்செலவு. அதனால்தான் அங்கே நேர்மையானவர்களும் முரண்படுகிறார்கள்.

கடைசியாக

அடுத்த முறை எந்த மதத்திலிருந்தும், எந்த அமைப்பிலிருந்தும் ஒரு சமாதான அறிக்கை வரும்போது இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று: இது யாரைப் பார்த்துச் சொல்லப்படுகிறது? ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆட்சியாளரைக் கண்டிப்பது சுலபம். பக்கத்துத் தெருவில் இருக்கும் சொந்த அரசிடம், சொந்த ஜனங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு: கதவு யாருக்குத் திறக்கிறது? தன் ஆட்களுக்கு மட்டும் சமாதானம் தேடும் இடம் ஒரு சங்கம், அவ்வளவுதான். நிக்கோலாய் தேவாலயம் தன் கடவுளை நம்பாதவனுக்கும், நாட்டை விட்டு ஓட நினைத்தவனுக்கும், இருக்கையை அடைக்க வந்த கட்சிக்காரனுக்கும் சேர்த்துத் திறந்தது. திறக்க மறுத்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் அது தோற்றது.

இந்த இரண்டுக்கும் பதில் இருக்கிற அறிக்கையை ஸ்டேட்டஸில் வைக்கலாம். இல்லாததை ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போவதில் தப்பே இல்லை.